பதினான்கு மாதம் வரும் என்று எழுதினேன்

அப்பா குளியலறையில் விழுந்த அன்று அவர் கழுத்தில் தொங்கிய பட்டனைச் செய்தது நான். அதன் பேட்டரி எத்தனை நாள் வரும் என்று கணக்குப் போட்டதும் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எங்கள் வீடு சோமனூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. பின்சுவரை ஒட்டித் தறிக்குடோன். அதில் எட்டு விசைத்தறிகள். கரண்ட் இருக்கும் நேரமெல்லாம் அவை ஓடிக்கொண்டிருக்கும். குடோனுக்குள் நின்றால் பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் காதில் விழாது. உதட்டைப் பார்த்தும் கையசைவைப் பார்த்தும்தான் பேசிக்கொள்வோம். நான் பள்ளிக்கூடம் போன புதிதில், "ஏன் கண்ணு இப்படிச் சத்தம் போட்டுப் பேசறே?" என்று டீச்சர் கேட்டார். எனக்கு அது சத்தமாகவே தெரியவில்லை.

அப்பாவுக்கு வாதம் வந்தபோது அவருக்கு அறுபத்திரண்டு வயது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே காலையில் போயின. கால் மட்டும் சில மாதங்களில் ஓரளவு திரும்பியது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து குளியலறை வரை தானே போய்வருவார். பேச்சு திரும்பவில்லை. சொல்ல நினைக்கும் சொல்லின் முதல் ஓசை வெளியே வரும், மீதி வாய்க்குள்ளேயே நின்றுவிடும். புத்தியில் ஒரு குறையும் இல்லை. செய்தித்தாளை முழுவதும் படிப்பார். நூல் விலை ஏறியிருந்தால் முகம் மாறும்.

தறிகளை அம்மா ஏற்றுக்கொண்டாள். உதவிக்கு அடுத்த தெருவிலிருந்து ஒரு அக்கா வருவார். தறியை நிறுத்திவிட்டு அப்பாவுடனேயே இருக்கலாமே என்று நான் ஒருமுறை சொன்னபோது அம்மா, "தறிய நிறுத்திப்போட்டு நா இவரு மூஞ்சியவே பாத்துட்டு உக்கோந்தா, இவருக்குத்தான் இன்னும் கஷ்டம் கண்ணு" என்றாள். அது உண்மை. தறிச் சத்தம் நின்றால் அப்பா வாசலையே பார்ப்பார்.

கூப்பிடுவதுதான் பிரச்சினை. அப்பாவால் கத்த முடியாது. முடிந்தாலும் அம்மாவுக்குக் கேட்காது. அழைப்புமணி ஒன்றை வைத்துப் பார்த்தோம், தறிச் சத்தத்தில் அது எங்கே அடிக்கிறது என்றே தெரியவில்லை. பிறகு குடோனில் ஒரு சிவப்பு பல்பைப் போட்டோம். அம்மாவின் கண் நூலில் இருக்குமே தவிர பல்பில் இருக்காது.

நான் கோயம்புத்தூரில் பம்ப்செட்டுக்கான எலெக்ட்ரானிக் கருவிகள் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் வேலை செய்கிறேன். ஞாயிறுதோறும் சோமனூருக்கு வருவேன். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா தட்டை இடது கையால் கட்டில் விளிம்பில் தட்டிக்கொண்டே இருந்ததைப் பார்த்தேன். அவருக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. நான் அடுப்படியில் இருந்ததால் எனக்குக் கேட்டது. மற்ற ஆறு நாளும் யாருக்குக் கேட்கும்?

அடுத்த மாதமே அதைச் செய்துவிட்டேன். அப்பாவின் கழுத்தில் ஒரு பட்டன், அம்மாவின் மணிக்கட்டில் ஒரு பட்டை. அப்பா பட்டனை அமுக்கினால் அம்மாவின் கையில் பட்டை அதிரும். சத்தம் எவ்வளவு இருந்தாலும் அதிர்வு தெரியும். இரண்டுக்கும் நடுவே புளூடூத். பட்டைக்கு ராத்திரி செல்போன் சார்ஜரிலேயே சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். கழுத்தில் தொங்கும் பட்டனைத்தான் யோசிக்க வேண்டியிருந்தது. அதை யாரும் தினமும் கழற்றிச் சார்ஜ் போடக் கூடாது. எடையும் தெரியக் கூடாது. எப்போது அமுக்கினாலும் வேலை செய்ய வேண்டும்.

அதற்குள் இருக்கும் புளூடூத் சிப்புக்கு மின்சாரம் கொடுக்க மூன்று வழிகள் இருந்தன. முதல் வழியில், நாணயம் போல் இருக்கும் வட்டமான காயின் செல்லை வைத்து, சிப்புக்கு வேண்டியதற்கு மேல் இருக்கும் வோல்ட்டைச் சூடாக்கி வீணடிக்கும் சாதாரண ரெகுலேட்டர் மூலம் கொடுக்கலாம். இரண்டாவதிலும் அதே செல்தான். ஆனால் எள்ளளவு சின்னக் கம்பிச்சுருள் ஒன்றைச் சேர்த்து, வீணடிக்காமல் மாற்றித் தரும் கன்வெர்ட்டரைப் பயன்படுத்தலாம். மூன்றாவது, டிவி ரிமோட்டில் போடும் பென்சில் பேட்டரி இரண்டு.

எனக்கு இது பழகிய வேலை. ஒரு தாளில் வரிசையாக எழுதினேன். சிப் தூங்கும்போது எத்தனை மைக்ரோ ஆம்பியர், விழிக்கும்போது எவ்வளவு, சிக்னல் அனுப்பும்போது எவ்வளவு, அது எத்தனை விநாடி. எல்லா எண்ணும் சிப் செய்த கம்பெனி தரும் டேட்டாஷீட்டில் இருந்தன. ஒரே ஒரு எண் மட்டும் அதில் இல்லை. அதை அம்மாவிடம் கேட்டேன்.

"ஒரு நாளைக்கு எத்தன தடவம்மா கூப்பிடுவாரு?"

"உங்கப்பாவா? ஒண்ணுக்குப் போகோணும்னாக்கூட அடக்கிட்டு உக்கார்ற ஆளு அவரு. நாலு தடவன்னு போட்டுக்கோ."

பாதுகாப்புக்காகப் பத்து என்று போட்டேன். அப்படிப் போட்டதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. முதல் வழிக்கு ஒன்பது மாதம் வந்தது. இரண்டாவதற்குப் பதினான்கு. மூன்றாவதற்கு மூன்று வருடத்துக்கு மேல். ஆனால் பென்சில் பேட்டரி போட்ட பெட்டியை அப்பா கழுத்தில் மாட்டிப் பார்த்தபோது அது மாட்டுமணி மாதிரி தொங்கியது. அவர் இடது கையால் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டார். அதனால் இரண்டாவது வழியை எடுத்தேன். தாளில் அந்த வரியைச் சுற்றி வட்டம் போட்டு, 'பதினான்கு மாதம் வரும்' என்று எழுதினேன்.

எங்கள் லேபில் அளவெடுக்கும் வேலையைப் பார்ப்பவர் பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வருவார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். தாளைப் பார்த்துவிட்டு, "மேடம், இது எல்லாமே சராசரிக் கணக்குங்க. ஒரு தடவ ஸ்கோப்புல மாட்டி நெசமா என்ன இழுக்குதுன்னு பாத்துரலாமுங்க" என்றார். ஸ்கோப் என்பது மின்சாரம் ஏறி இறங்குவதைத் திரையில் கோடாகக் காட்டும் கருவி.

"பாக்கலாமுங்க" என்றேன். அந்த வாரம் வேறு வேலை வந்தது. அதற்கடுத்த வாரமும் வந்தது. நான் பார்க்கவில்லை.

பட்டன் நன்றாகத்தான் வேலை செய்தது. புது பேட்டரியோடு கட்டிலில் உட்கார்ந்து அமுக்கிப் பார்த்தேன், குளியலறைக்குள் நின்றும் அமுக்கிப் பார்த்தேன். இரண்டு இடத்திலிருந்தும் அம்மாவின் கைக்குப் போனது. முதல் வாரம் அப்பா அமுக்கவே இல்லை. எட்டாம் நாள் அமுக்கினார். அம்மா தலையெல்லாம் பஞ்சோடு ஓடிவந்தாள். ஃபேனைக் கொஞ்சம் குறைக்க வேண்டுமாம். அன்று அம்மா எனக்குப் போன் செய்தாள்.

"இத்தன நாளா கூப்பிடாத மனுசன்னு நெனச்சுட்டு இருந்தேன் கண்ணு. கூப்புட்டுட்டேதான் இருந்திருக்காரு. எனக்குத்தான் கேக்கல."

ஆறு மாதம் போயிற்று.

மார்கழியில் ஒரு காலை, எட்டு மணி வாக்கில் அப்பா வழக்கம்போல வாக்கரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போயிருக்கிறார். திரும்பும்போது வாக்கரின் கால் வழுக்கிவிட்டது. ஒன்பது மணிக்கு மாத்திரை கொடுக்க வேண்டும் என்பதால் அம்மா பத்து நிமிடம் முன்னதாகக் குடோனிலிருந்து வந்தாள். கட்டில் காலியாக இருந்தது. குளியலறைக் கதவைத் தள்ளினால் கதவு முழுவதும் திறக்கவில்லை. உள்ளே அப்பா இடப்பக்கமாகச் சுவரோடு ஒட்டிக் கிடந்தார். கழுத்தில் பட்டன் இருந்தது. தலை நனைந்திருந்தது. கண் திறந்திருந்தது.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. கோயம்புத்தூருக்குக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மறுநாள் ஆபரேஷன் ஆயிற்று. பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் கிடந்தார் என்று கேட்டார்கள். முக்கால் மணி நேரம் இருக்கும் என்று அம்மா சொன்னாள். ஏன் கூப்பிடவில்லை என்பது அடுத்த கேள்வி. அதற்கு அம்மா எல்லோரிடமும் ஒரே பதிலைத்தான் சொன்னாள்.

"என்ற பொண்ணு பட்டன் செஞ்சு குடுத்திருக்காளுங்க. கழுத்துலதான் இருந்துச்சு. அத அமுக்கோணும்னு அவருக்குத் தோணலீங்க."

அவள் இதைக் கோபத்தில் சொல்லவில்லை. தாங்க முடியாமல் சொன்னாள். பக்கத்துச் சுவருக்கு அந்தப்புறம் தறி ஓட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். அதற்கு ஏதாவது ஒரு காரணம் அவளுக்கு வேண்டியிருந்தது.

அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் அப்பா இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டுவார். "அம்... அம்..." என்பார். முகம் சிவந்துவிடும்.

"உன்னத்தான் கூப்பிடறாரு, போ அம்மணி" என்று பெரியம்மா என்னைத் தள்ளிவிட்டார். வீட்டில் எல்லோரும் என்னை அம்மணி என்றுதான் கூப்பிடுவார்கள். நான் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இங்கதானுங்கப்பா இருக்கறேன்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். இன்னொரு முறை "அம்..." என்றார். "ஆமாங்கப்பா, நாந்தான்" என்றேன். கையை உருவிக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டார்.

வாதம் வந்தவர்களுக்குப் பதற்றத்தில் சில சமயம் ஒரு பொருள் எதற்கென்றே மறந்துபோகும் என்று டாக்டர் சொன்னார். பொதுவாகத்தான் சொன்னார். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

மாற்றுத் துணி எடுக்க நான் ஊருக்குப் போனபோது, அன்று கழற்றிக் கட்டிலில் போட்டிருந்த பட்டனைச் சோதித்துப் பார்த்தேன். அம்மாவின் பட்டை அடுப்படி மேடையில் இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று ஒருமுறை அமுக்கினேன். உடனே அடுப்படியில் பட்டை அதிர்ந்து, கல்மேடையில் டர்ரென்று நகர்ந்தது. மூடியைத் திறந்து பேட்டரியில் மீட்டரை வைத்தேன். இரண்டு புள்ளி ஒன்பது வோல்ட். நல்ல பேட்டரி. எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது, அவர் அமுக்கவில்லை என்று உறுதியானதில் எனக்கு நிம்மதி வந்தது. அதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

பட்டனைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அப்பா இப்போதைக்கு எழுந்து நடக்கப்போவதில்லை, கூடவே ஆள் இருக்கும், பட்டனுக்கு வேலை இல்லை என்று நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து, அப்பா வீட்டுக்கு வந்த பிறகு, ஆபீஸில் எனக்கு ஒரு வேலை வந்தது. மேல்நிலைத் தொட்டியின் தண்ணீர் மட்டத்தைச் சொல்லும் கருவி ஒன்றைக் கம்பெனி செய்யப்போகிறது. அதிலும் அதே சிப்தான். எந்த வகையில் மின்சாரம் கொடுத்தால் எத்தனை நாள் வரும் என்று நான் மதிப்பிட்டுத் தர வேண்டும். பழைய தாளையே எடுத்தேன். ஒரு நாளைக்குப் பத்து அழைப்பு என்றிருந்த இடத்தில், மணிக்கு ஒன்றாக இருபத்துநான்கு என்று மாற்றினேன். அவ்வளவுதான் வேலை என்று நினைத்தேன்.

லேப்காரர் விடவில்லை. "இந்தத் தடவ அளந்து போடலாமுங்க மேடம். புது செல்லு எப்பவுமே நல்லாத்தான் நடந்துக்கும். பாதி தீந்த செல்லு ஏதாச்சும் இருக்குங்களா?"

கைப்பையிலிருந்த பட்டனை எடுத்துக் கொடுத்தேன். ஆறு மாதம் ஓடியது, பாதி தீர்ந்திருக்கும் என்றேன். அது யாருடையது என்று அவருக்குத் தெரியும். வாங்கிப் பேட்டரியின் இரண்டு முனையிலும் ஒயரைப் பற்றவைத்து ஸ்கோப்பில் மாட்டினார். லேபில் இருந்த இன்னொரு பட்டையையும் மேஜையில் வைத்தார். அமுக்கினார். பட்டை அதிர்ந்தது. திரையில் கோடு சின்னதாக ஒரு பள்ளம் விழுந்து மேலே ஏறிக்கொண்டது.

"நல்லாத்தானுங்க இருக்குது" என்றேன்.

"இருங்க. தொட்டி சுவத்துக்கு அந்தப்பக்கம் இருந்து சிக்னல் போவலைன்னா என்ன பண்ணுதுன்னு பாப்போம்."

அவருடைய சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்திருந்தார். பட்டையை அந்த எவர்சில்வர் டப்பாவுக்குள் போட்டு மூடினார். மறுபடி அமுக்கினார்.

பட்டன் கூப்பிட்டது. பதில் வரவில்லை. மறுபடி கூப்பிட்டது. பதில் கிடைக்கும்வரை விடாமல் கூப்பிட வேண்டும் என்று அதற்கு எழுதிக்கொடுத்தது நான்தான். ஒவ்வொரு அழைப்புக்கும் கோடு கீழே இறங்கியது. ஒவ்வொரு முறையும் முன்னைவிடக் கொஞ்சம் ஆழமாக இறங்கியது. பாதி தீர்ந்த செல்லால் அடுத்தடுத்து அத்தனை வேகமாகக் கொடுக்க முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் கோடு சிப்புக்குத் தேவையான அளவுக்குக் கீழே போய்விட்டது. சிப் அணைந்தது. தானே விழித்துக்கொண்டது. விழித்ததும் கன்வெர்ட்டர் ஒரே இழுப்பாக இழுத்தது. மறுபடி அணைந்தது.

அவர் பட்டையை டப்பாவிலிருந்து வெளியே எடுத்துப் பட்டனுக்குப் பக்கத்திலேயே வைத்தார். அமுக்கினார். ஒன்றும் இல்லை. நாலைந்து முறை அமுக்கினார். ஒரு சாண் தூரத்தில் இருந்தது பட்டை. அசையவில்லை.

டீ குடித்துவிட்டு வந்து பார்த்தோம். பேட்டரி இரண்டு புள்ளி ஒன்பது வோல்ட் காட்டியது. அமுக்கினால் பட்டை அழகாக அதிர்ந்தது. கொஞ்சம் ஓய்வு கிடைத்ததும் செல் தேறிவிட்டிருந்தது; அன்று வீட்டில் நான் பார்த்ததும் இதைத்தான்.

என் தாளில் நான் ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு விநாடி என்று போட்டிருந்தேன். கூப்பிட்டவுடன் பதில் கிடைத்துவிடும் என்றுதான் போட்டிருந்தேன். குளியலறைத் தரையில், ஈரத்தில், உடம்பு பட்டன்மேல் சாய்ந்திருக்க, இரண்டு சுவர் தாண்டிப் போக வேண்டிய அழைப்பைப் பற்றி அந்தத் தாளில் ஒன்றும் இல்லை.

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பட்டனைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார்.

"மேடம், இந்த ரப்பர இப்படி யாருங்க கீறினது?"

பட்டனின் மேலே மெல்லிய ரப்பர் மூடி உண்டு. அதில் பிறைப்பிறையாக நகத் தடங்கள் இருந்தன. ஒன்றின்மேல் ஒன்றாக, எண்ண முடியாத அளவுக்கு. ஓர் இடத்தில் ரப்பர் கிழிந்தே இருந்தது. மூன்று வாரம் அது என் கைப்பையில் கிடந்தது. பேட்டரி மூடியைத் திறந்து மீட்டர் வைத்துப் பார்த்த நான் இந்த ரப்பர் மூடியைப் பார்க்கவில்லை.

அப்போதுதான் ஆஸ்பத்திரியில் அப்பா சொன்ன சொல் எனக்கு விளங்கியது. அவர் அம்மணி என்று சொல்லவில்லை. அமுக்கினேன் என்று சொல்லியிருக்கிறார்.

லேப்காரர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்க மேடம்" என்றார். நான் உட்காரவில்லை. அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு சோமனூர் போனேன்.

நான் போனபோது மூன்று மணி இருக்கும். எட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருந்தன. அப்பா கட்டிலில் சாய்ந்து படுத்திருந்தார். வேலைநாளில் என்னைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினார். நான் அவர் காதருகே குனிந்தேன்.

"அப்பா, அன்னைக்கு நீங்க பட்டன அமுக்குனீங்களாங்கப்பா?"

இந்த மூன்று வாரத்தில் யாரும் அவரிடம் இதைக் கேட்கவில்லை. ஏன் அமுக்கவில்லை என்றுதான் கேட்டிருந்தோம். அவர் என்னைப் பார்த்தார். பிறகு இடது கையைத் தூக்கி, கட்டைவிரலை மடக்கி, வெறும் காற்றில் அமுக்கினார். மறுபடி அமுக்கினார். மறுபடி மறுபடி. நிறுத்தவில்லை.

நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"தெரியுமுங்கப்பா. இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. நீங்க அமுக்கியிருக்கறீங்க. பட்டன்தான் வேலை செய்யல. நான் போட்ட கணக்கு தப்புங்கப்பா."

அவர் கண்ணிலிருந்து நீர் காதுப்பக்கம் வழிந்தது. துடைக்கப் போன என் கையைத் தள்ளிவிட்டார். பிறகு கட்டைவிரலால் குடோன் பக்கம் காட்டினார். அங்கே போய்ச் சொல் என்று அர்த்தம்.

நான் குடோனுக்குள் போய் அம்மாவின் தோளைத் தொட்டேன். வெளியே வரும்படி கையைக் காட்டினேன். இந்த நூலை முடிந்துவிட்டு வருகிறேன் என்று உதட்டை அசைத்தாள். நான் சுவரிலிருந்த மெயின் சுவிட்சை இழுத்துவிட்டேன். எட்டுத் தறியும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. கூட வேலை செய்யும் அக்கா பதறிப்போய் என்னைப் பார்த்தார்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்கோப், சிப் என்றெல்லாம் இல்லை. அப்பா அமுக்கினார், பாதி தீர்ந்த பேட்டரியால் சுவரைத் தாண்டிக் கூப்பிட முடியவில்லை, அதை நான் அளந்து பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை என்று சொன்னேன்.

"முக்கா மணி நேரமுமா அமுக்கியிருக்காரு?"

"ரப்பர் கிழிஞ்சிருக்குதும்மா."

அம்மா குழாயடிக்குப் போய் முகம் கழுவினாள். தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டினாள். உள்ளே போய்க் கட்டிலருகே நின்றாள்.

"ஏனுங்க" என்றாள். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து செல்போனை எடுத்தாள். முதலில் எங்கள் பெரிய மாமாவுக்குப் போட்டாள்.

"அண்ணா, நாந்தானுங்க. அன்னைக்கு ஆஸ்பத்திரில இவரு பட்டன அமுக்கலைன்னு சொன்னனில்லீங்களா, அது தப்புங்கண்ணா. அவரு அமுக்கியிருக்கறாரு. நா வர்ற வரைக்கும் அமுக்கிட்டேதான் இருந்திருக்கறாரு. என்ற பொண்ணு செஞ்ச மிசின்லதான் கோளாறு. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

வைத்துவிட்டு அடுத்த எண்ணைப் போட்டாள். பெரியம்மா. பிறகு பல்லடத்துச் சித்தப்பா. பக்கத்துக் குடோன்காரர். நூல் கொண்டுவருபவர். அன்று ஆஸ்பத்திரிக்கு யார் யார் வந்தார்களோ, யார் யாரிடம் அவள் அதைச் சொன்னாளோ, அத்தனை பேருக்கும் போட்டாள். எல்லோரிடமும் அதே வார்த்தைகள்தான். எனக்கு அவள் எந்தச் சலுகையும் தரவில்லை. நான் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். யாரோ மறுமுனையில், சின்னப் பெண்தானே, தெரியாமல் செய்திருப்பாள் என்று சொல்லியிருக்க வேண்டும். "அந்தச் சமாதானம் அவளுக்கு. இந்தப் போனு இவருக்குங்க" என்றாள் அம்மா.

முடித்துவிட்டாள் என்று நினைத்தபோது அப்பா விரலைத் தூக்கித் தெருமுனைப் பக்கம் காட்டினார். அம்மாவுக்குப் புரியவில்லை. மறுபடி காட்டினார், காதில் பெரிய கம்மல் தொங்குவதுபோல் செய்து காட்டினார்.

"ஓ, டெய்லர் ஊட்டு அம்மாவா? அவங்ககிட்டயும் சொன்னனா நானு?"

அப்பா தலையாட்டினார். அம்மா அவர்களுக்கும் போட்டாள்.

அன்று தறிகள் மறுபடி ஓடியபோது ஆறு மணியாகிவிட்டது.

ஆபீஸில் நான் எழுதிக் கொடுத்த அறிக்கை மேலாளருக்குப் பிடிக்கவில்லை. காயின் செல்லுக்குப் பழைய தாளில் பதினான்கு மாதம் என்றிருந்ததை ஐந்து என்று எழுதி, அதுவும் தொட்டிக்கு வெளியே வைத்தால்தான் என்று சேர்த்திருந்தேன். மற்றவர்கள் எல்லாம் வருடக்கணக்கில் போடுகிறார்களே என்றார். லேப்காரர் ஸ்கோப்பில் எடுத்த படத்தை முன்னால் வைத்தார். நான்கு நாள் கழித்து, பென்சில் பேட்டரிக்கே போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். பெட்டியில் எத்தனை மாதம் என்று போடுவது என்பதில் இன்னும் எங்களுக்குள் வாக்குவாதம் உண்டு.

அப்பாவுக்கும் பென்சில் பேட்டரி இரண்டு போட்டுப் புதிதாகச் செய்தேன். கழுத்தில் தொங்கவிடாமல் சட்டையின் இடதுபக்கம் அம்மா தைத்துக் கொடுத்த பையில் வைத்தோம். குளியலறைச் சுவருக்கு வெளியே அழைப்பை வாங்கி அனுப்ப ஒரு பெட்டியை மாட்டினேன். பேட்டரி தீர்ந்தாலும் தீராவிட்டாலும் ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் அம்மா மாற்றிவிடுவாள். இன்னொன்றும் சேர்த்தேன். அழைப்பு அம்மாவின் கைக்குப் போய்ச் சேர்ந்ததும் அப்பாவின் பட்டனும் அதிரும். போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று தெரியாமல் அவர் அத்தனை நேரம் கிடந்தார். எனக்கு இரவில் நினைவுக்கு வருவது அதுதான்.

முக்கால் மணி நேரம் முன்னதாகப் பார்த்திருந்தாலும் எலும்பு முறிந்தது முறிந்ததுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இருக்கலாம். அப்பா அதன்பிறகு யாரும் பிடிக்காமல் தனியாக நடக்கவில்லை. குளியலறைக்கு அம்மாவோ தறி வேலைக்கு வரும் அக்காவோ கூடப் போகிறார்கள். புதுப் பட்டனை முதல் ஒரு மாதம் அவர் தொடவே இல்லை. நான் வற்புறுத்தவில்லை.

அதை அவருக்குக் கொடுப்பதற்கு முன் ஒரு நாள் நான் சோதித்தேன். நின்றுகொண்டு அமுக்கிப் பார்த்தால் போதாது என்று தோன்றியது. பாதி தீர்ந்த பேட்டரிகளைத் தேடி எடுத்துப் போட்டு, குளியலறைக்குள் போய், அவர் கிடந்த மாதிரியே இடப்பக்கமாகச் சுவரோடு ஒட்டிப் படுத்தேன். தரை சில்லென்று இருந்தது. வென்டிலேட்டர் வழியாகத் தறிச் சத்தம் மட்டும் வந்தது. வேறு எதுவும் கேட்கவில்லை. நான் கூப்பிட்டுப் பார்த்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. பட்டன்மேல் உடம்பைச் சாய்த்து அமுக்கினேன். ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். மூன்று சொல்வதற்குள் பட்டன் நெஞ்சருகே அதிர்ந்தது.

நான் எழுந்திருக்கவில்லை. விட்டுவிட்டு இருபது முறை அமுக்குவதாகத் திட்டம். ஏழாவதுக்கோ எட்டாவதுக்கோ கதவு தள்ளப்பட்டு என் காலில் இடித்தது. இடுக்கு வழியாக அம்மா எட்டிப் பார்த்தாள். சோதனை என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன். அது குடோன் சத்தத்தில் அவள் காதில் சரியாக விழுந்திருக்காது. கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றாள். செருப்பில்லாமல் ஓடிவந்திருந்தாள்.

"சும்மா பாக்கறதுக்குத்தாம்மா" என்றேன்.

அவள் என்னையும் தரையையும் பார்த்தாள்.

"பாத்தது போதும், எந்திரி கண்ணு. தரையெல்லாம் ஈரம்."